எஸ்பனை மறித்தவன்

சயூரன் ஐஸ் ஹொக்கி ஆடுபவன், ஆனால் மட்டையால் வட்டைத் தட்டிக் கோல் அடிப்பவன் அல்ல. நோர்வேயில், ஒஸ்லோவின் ஓரத்து எல்லிங்ஸ்ருட்டில் வளர்ந்தவன். பகலில் கட்டடங்களில் மின்வேலை, மாலையில் நகரின் கிழக்குப் பக்கத்துக் கழகம் ஒன்றில் பயிற்சி. எதிரணிக்காரர்களை மறிப்பதுதான் அவனுக்கு அங்கே கொடுக்கப்பட்ட பொறுப்பு. தகப்பன் சிவானந்தனுக்கு அது பெரிய குறை.

"உவ்வளவு ஓடுறாய், ஒருக்காவெண்டாலும் அடிக்கக் கூடாதோ?" என்பார்.

2008 மார்ச்சில் அவனுடைய அணி அரையிறுதிக்கு வந்தது. ஒரே அணியோடு திரும்பத் திரும்ப மோத வேண்டும். எந்த அணி முதலில் நான்கு ஆட்டங்களை வெல்கிறதோ அது இறுதிக்குப் போகும். எதிரணியில் எஸ்பன் இருந்தான். அந்தப் பருவத்தில் அவனளவுக்குக் கோல் அடித்தவர் நாட்டிலேயே இல்லை. முதல் இரண்டு ஆட்டங்களிலும் நினைத்தபடியெல்லாம் அடித்தான். சயூரனின் அணி இரண்டிலும் தோற்றது.

மூன்றாவது ஆட்டத்துக்கு முன் பயிற்றுநர் சயூரனைத் தனியே கூப்பிட்டார். "வட்டு எங்கே போகிறது என்று நீ பார்க்க வேண்டாம். எஸ்பன் எங்கே போகிறானோ அங்கே போ. அவன் தண்ணீர் குடித்தால் நீயும் குடி."

அப்படியே செய்தான். அன்று எஸ்பன் ஒரு கோல்தான் அடித்தான். அடுத்த ஆட்டத்தில் ஒன்றுமில்லை. இரண்டையும் சயூரனின் அணியே வென்றது. ஆட்டம் முழுவதும் ஒருவன் பின்னாலேயே சறுக்கிக்கொண்டிருந்தால் அவனுடைய உடம்பின் பேச்சு விளங்கிவிடுகிறது. அடிக்கப் போகும்போது எஸ்பன் ஒரு கணம் கீழே பார்ப்பான். எந்தப் பக்கம் திரும்பப் போகிறானோ அந்தப் பக்கத்துத் தோள் முதலிலேயே தாழும். இதைச் சயூரன் மற்றவர்களுக்கும் சொன்னான். கோல் காப்பாளனும் தானாக வேறு இரண்டு விசயங்களைக் கண்டுபிடித்திருந்தான்.

பத்திரிகைகள் எஸ்பனின் ஒளி மங்குகிறது என்று எழுதின. சிவானந்தனும் அதை நம்பினார்.

"பெரிய ஆட்டம் வர வர ஆள் பயப்பிடுறார் போல," என்றார், பேப்பரை மடித்தபடி.

"பயமில்லை அப்பா. முதல் நாள் அவனை எங்களுக்குத் தெரியாது. இப்ப எல்லாருக்கும் தெரியும். அதோடை அடி வேறை. ஒவ்வொரு நாளும் நாலு பேர் அவனைத்தான் இடிக்கினம். என்னை ஆர் இடிக்கினம்?"

"அப்ப அவன் சின்னனாகேல்லை எண்டுறாய்."

"இல்லை. நாங்கள்தான் கிட்டப் போயிட்டம்."

ஐந்தாவது ஆட்டத்தை எதிரணி வென்றது. ஆனால் எஸ்பன் அடிக்கவில்லை. ஆறாவதைச் சயூரனின் அணி வென்றது. அந்த ஆட்டத்தின் நடுவில், நடுவர் வட்டைப் போடுவதற்காகக் காத்திருந்தபோது, எஸ்பன் அவனைப் பார்த்து நோர்வேஜிய மொழியில் கேட்டான்: "உனக்கு என்னை விட்டால் வேறு வேலையே இல்லையா?"

"இல்லை," என்றான் சயூரன். இருவரும் சிரித்துவிட்டார்கள். அப்போதுதான் எஸ்பனின் வலது மணிக்கட்டில் கையுறைக்குள்ளே தடித்த கட்டுப் போட்டிருப்பதைச் சயூரன் கண்டான்.

பயிற்றுநரும் அதைக் கண்டிருந்தார். ஏழாவது ஆட்டத்தன்று உடைமாற்றும் அறையில், காலணியின் கயிற்றைப் பார்த்துக்கொண்டே, "வலது மணிக்கட்டு," என்று மட்டும் சொன்னார். அடி என்று சொல்லவில்லை. சொல்ல வேண்டிய தேவையும் இருக்கவில்லை.

அந்த ஆட்டம் சமநிலையில் முடிந்து கூடுதல் நேரத்துக்குப் போனது. இனி விழும் முதல் கோலோடு எல்லாம் முடிந்துவிடும். கோலுக்கு முன்னால் வட்டு எஸ்பனிடம் வந்தது. அவன் ஒரு கணம் கீழே பார்த்தான். சயூரன் பக்கத்திலேயே நின்றான். நடுவருக்கு அவர்களின் முதுகுகள் மட்டுமே தெரிந்தன. மணிக்கட்டில் ஓர் அடி போதும். ஆனால் சயூரனுடைய மட்டை எஸ்பனின் மட்டைக்குக் கீழே போய் அதை மேலே தூக்கியது. விதிப்படி செய்யக்கூடிய காரியம், சுத்தமாகச் செய்தான். எஸ்பனால் அடிக்க முடியவில்லை. அடிக்க முடியாதவன் சறுக்குக் காலணியால் வட்டைப் பக்கவாட்டில் தள்ளிவிட்டான். எல்லோரும் எஸ்பனையே பார்த்துக்கொண்டிருந்ததால் தனியே விடப்பட்டிருந்த அவனுடைய அணிக்காரன் ஒருவன் அதைக் கோலுக்குள் அனுப்பினான். அந்தத் தொடர் முழுவதும் அவன் அடித்த ஒரே கோல் அது.

வரிசையில் நின்று கைகொடுக்கும்போது எஸ்பன் வலது கையை நீட்டவில்லை, இடது கையைத்தான் நீட்டினான். "நீ அடித்திருக்கலாம்," என்றான்.

"தெரியும்."

மறுநாள் காலைத் தேநீரோடு மனைவி ஹம்சத்வனி எதிரில் வந்து அமர்ந்தாள். அவளுக்கு ஆட்டம் விளங்கும். அதனால் நேராகவே கேட்டாள்.

"கையிலை அடிச்சிருந்தா வெண்டிருப்பியளோ?"

"வெண்டிருக்கலாம்."

"அப்ப ஏன் அடிக்கேல்லை?"

அவன் யோசித்தான். "பாவம் பாத்தனான் எண்டு சொன்னா அது பொய். யோசிக்க நேரமே இருக்கேல்லை. ஆனா இத்தனை நாளும் நான் அவனைத்தான் படிச்சனான். அவன்ரை காயத்தையில்லை."

அவள் அவனுடைய தட்டில் இன்னொரு துண்டு பாணை வைத்தாள்.

பயிற்றுநர் அதைப் பற்றி ஒருபோதும் பேசவில்லை. அடுத்த பருவத்திலும் சயூரனுக்கு இடம் கொடுத்தார், ஆனால் முன்னைவிடக் குறைவாகவே களத்தில் இறக்கினார். சயூரனுக்கு அது வலித்தது. தான் செய்தது சரிதானா என்று சில நாட்களில் சந்தேகமும் வந்தது.

இலையுதிர் காலத்தில் அதே அணியோடு மறுபடியும் ஆடினார்கள். கட்டு அவிழ்த்த கையோடு வந்த எஸ்பன் கோடையில் புதிதாக எதையோ பழகியிருந்தான், இரண்டு கோல் அடித்தான். வீட்டுக்குப் போகும் ரயிலில் சயூரன் கண்களை மூடி அந்த இரண்டையும் மறுபடி ஓட்டிப் பார்த்தான். இரண்டாவது எப்படி நடந்தது என்று அவனுக்கு இன்னும் பிடிபடவில்லை.