மாத்திரையைப் படமெடுத்தவர்

ஐம்பத்துநான்கு வயதில் வேலையை விட்ட அந்த மனிதருக்கு, காப்பீட்டு அலுவலகத்தில் முப்பது வருடம் கோப்பு தள்ளியதைத் தவிர வேறொன்றும் தெரியாது. சமையல் வராது. சொட்டுகிற குழாயை இறுக்க வராது. பக்கவாதம் வந்து படுத்திருக்கும் அம்மாவைப் புரட்டிப் படுக்க வைக்கச் சொல்லிக் கொடுத்தால், இடுப்பு பிடித்துக்கொண்டது என்று அவரே போய்ப் படுத்துவிட்டார். மூன்று மாதமாகக் கைபேசியில் வீட்டுச் சாமான்களைப் படமெடுக்கிறார். அன்றிலிருந்து அந்த வீட்டில் ஒரு டம்ளரும் வைத்த இடத்தில் இருப்பதில்லை.

தினமும் ஒன்பது மணிக்கு அம்மாவைப் பார்த்துக்கொள்ள வரும், அவரைவிட மூத்த நர்ஸ் மனதுக்குள் அவருக்கு வைத்த பெயர் படக்காரர். கை துடைக்கும் துண்டைத் தேடினால் அது ஜன்னலில் மடிப்பு மடிப்பாகத் தொங்கும். "தொடாதீங்க சிஸ்டர், வெளிச்சம் இப்பதான் சரியா விழுது" என்பார். வெந்நீர் ஃபிளாஸ்க் ஒற்றை எலுமிச்சம்பழத்துக்குத் துணையாக மேசையில் நிற்கும். படங்களை அனுப்பினால், வெளியூரில் இருக்கும் தங்கை "சூப்பர் அண்ணா" என்று பதில் போடுவாள். அதோடு பெற்ற தாய்க்கு அவள் கடமையும் முடிந்தது.

நர்ஸும் படமெடுப்பாள். மூன்று நாளுக்கு ஒருமுறை, ஜன்னல் திரையை முழுசாக விலக்கி, அம்மாவின் படுக்கைப் புண்ணுக்குப் பக்கத்தில் ஸ்கேலை வைத்து, டாக்டருக்கு ஒரே ஒரு படம்.

"அந்த ஸ்கேலை எடுத்துட்டா படம் சுத்தமா இருக்கும் சிஸ்டர்."

"புண்ணு சுத்தமா இருந்தா எனக்குப் போதும் தம்பி."

படக்காரருக்கு வீட்டில் ஒரே ஒரு வேலைதான். முந்தின நாள் சாயங்காலம் நர்ஸ் நாலு அறை டப்பாவில் மாத்திரை போட்டு வைத்துவிட்டுப் போவாள். காலை எட்டு மணிக்கு முதல் அறையில் உள்ளதை அம்மாவுக்குக் கொடுக்க வேண்டும். அதில் இருக்கும் ரோஸ் மாத்திரை, நாளுக்கு ஒன்றே ஒன்று, ரத்தம் உறையாமல் இருக்க. தவறினால் இன்னொரு வாதம் வரலாம். இரண்டு தடவை போனால் உள்ளே ரத்தம் கசியலாம்.

அந்தச் செவ்வாய்க்கிழமை நர்ஸ் உள்ளே வந்தபோது, ஜன்னல் ஓரத்தில் கறுப்புத் தட்டு. அதில் ரோஸ், மஞ்சள், வெள்ளை என்று மாத்திரைகள் சுருள் சுருளாக அடுக்கப்பட்டிருந்தன. டப்பா காலி.

"காலை மாத்திரை குடுத்தாச்சா தம்பி?"

"குடுத்திருப்பேன் சிஸ்டர்."

"குடுத்தீங்களா, குடுத்திருப்பீங்களா?"

"டப்பாவத் தொறந்தேன், கலர் அருமையா இருந்துச்சு. சுருளுக்குப் பத்தல, அட்டையிலேருந்தும் கொஞ்சம் பிரிச்சேன்."

"எத்தனை?"

"எண்ணல. கண்ணுக்கு நல்லா வர்ற வரைக்கும்."

நர்ஸ் கட்டிலருகே போனாள். "அம்மா, காலையில மாத்திரை போட்டீங்களா?"

"போட்டேன்... இன்னைக்கா, நேத்தா?" என்றாள் அம்மா. சாப்பிட்ட பத்தாவது நிமிடம் பசிக்கிறது என்கிறவள். அவள் சாட்சி செல்லாது.

"போனைக் குடுங்க."

அறுபத்துமூன்று படம். ஒவ்வொன்றிலும் ஒரே ஒரு மாத்திரை முத்துப் போலப் பளிச்சென்று இருந்தது. மற்றதெல்லாம் பனிமூட்டம்.

"பின்னாடி கரைஞ்சாத்தான் சிஸ்டர் படத்துல ஆழம் வரும்."

"ஆழம் கிடக்கட்டும். அழிச்ச படம் இருக்கா?"

"அதெல்லாம் வேஸ்ட்."

வேஸ்டில்தான் வேண்டிய படம் இருந்தது. காலை ஏழே முக்காலுக்கு எடுத்தது. கோணல், ஓரத்தில் அவர் கட்டைவிரல். டப்பாவைத் தட்டில் அப்போதுதான் கவிழ்த்திருந்தார். குவியலில் ஒரே ஒரு ரோஸ் மாத்திரை. பக்கத்தில் ரோஸ் மாத்திரை அட்டை, ஒரு குமிழ்கூடப் பிரியாமல்.

"இதுக்கப்புறம் அம்மா ரூமுக்குப் போனீங்களா?"

"இல்ல. வெளிச்சம் போயிடுமேன்னு நகரவே இல்ல."

பெற்றவளுக்கு மருந்து கொடுக்காததற்கு இவ்வளவு உறுதியான அத்தாட்சியை வேறு யாரும் தந்திருக்க முடியாது. நர்ஸ் அட்டையிலிருந்து ஒரு ரோஸ் மாத்திரையைப் பிரித்து, அம்மாவின் தலையை உயர்த்திப் பிடித்து, தண்ணீரோடு விழுங்க வைத்தாள். பிறகு தட்டைக் குப்பைக் கூடையில் கவிழ்த்தாள்.

"ஐயோ, சுருள்!"

"நாளையிலேருந்து மாத்திரை குடுத்ததும் அம்மா வாயையும் காலி அறையையும் படமெடுத்து எனக்கு அனுப்புங்க. ரெண்டும் தெளிவாத் தெரியணும். கரையக் கூடாது."

மறுநாள் எட்டு ஐந்துக்குப் படம் வந்தது. திறந்த வாய், காலி அறை, இரண்டும் பளிச்சென்று. மூன்று மாதத்தில் அவர் எடுத்த உருப்படியான முதல் படம். கீழே எழுதியிருந்தார்: "லைட் சரியில்ல, மன்னிக்கணும்."

நர்ஸ் படித்தாள். போனைப் பையில் போட்டுக்கொண்டு பஸ் ஏறினாள்.