ஒற்றை ஆணின் ஓடுகள்

ஓட்டைப் பார்த்து வகை பிரிப்பவர்கள் ஒரு பக்கம், காலைப் பார்த்துப் பிரிப்பவர்கள் மறுபக்கம். நடுவில் என் உயிரை வாங்குகிறது அந்தப் பிராணி. இறாலுக்கும் நண்டுக்கும் தூரத்துச் சொந்தம், கடுகைவிடச் சிறியது, சிப்பி மாதிரி இரண்டு ஓட்டுக்குள் ஒளிந்திருக்கும். மனிதன் தோன்றுவதற்குக் கோடிக்கணக்கான வருடங்கள் முன்பே இருந்ததாம். இருந்துவிட்டுப் போகட்டும், கொஞ்சம் ஒழுங்காக இருந்திருக்கக் கூடாதா?

வந்தாறுமூலைப் பல்கலைக்கழகத்தில் விலங்கியல் கற்பிக்கிறேன். வாவிச் சேற்றில் கண்ட ஒரு வகைக்கு நான்கு வருடமாகப் பெயர் வைக்க முடியவில்லை. ஆணின் ஓடும் வேண்டும், காலும் வேண்டும் என்று ஆய்விதழ்க்காரர்கள் கட்டுரையைத் திருப்பிக்கொண்டே இருந்தார்கள். எனக்கு வாய்த்ததெல்லாம் பெண். ஊசிமுனையால் பிரித்துப் பார்த்தால் பெண். மறுபடியும் பெண். ஆணே இல்லாமல் பெருகும் வகைகளும் இதில் உண்டு என்று எழுதினேன். மரியாதையாக, இன்னும் தேடச் சொன்னார்கள்.

போன மாரியில் ஒரே ஒரு ஆண் அகப்பட்டது. அதே கிழமை வெள்ளம் வடிய, வாவியைக் கடலிலிருந்து மறித்து நின்ற முகத்துவார மணல்திட்டை வெட்டிவிட, அந்த இடத்துத் தண்ணீர் முழுக்கக் கடலுக்குப் போய்விட்டது. கையிலிருந்தது அந்த ஒன்றுதான். கால்களைக் கிளிசரினில் வைத்து மூடினேன். உலர்ந்த ஓடுகள் இரண்டையும் தூரிகை நுனியால் கண்ணாடித் தகட்டில் வைத்தேன். படம் எடுப்பதுதான் பாக்கி. மின்விசிறியை நிறுத்தியிருந்ததால் வியர்வை கண்ணுக்குள் வழிந்தது.

துறைத்தலைவர் உள்ளே வந்தார்.

“என்ன மிஸ், இந்த வெக்கைக்குள்ள எப்பிடி இரிக்கீங்க?” என்றபடி விசிறியைப் போட்டார்.

தகட்டில் ஒன்றுமில்லை.

“சேர்!” என்று நான் கத்தியது அடுத்த கட்டடத்துக்கும் கேட்டிருக்கும்.

“பூச்சிதானே மிஸ். இன்னொண்டு புடிச்சாச் சரி.”

“நாலு வருசத்தில இது ஒண்டுதான் சேர்.” சொல்லும்போதே அழுகை வந்துவிட்டது.

மனிதர் விசிறியை நிறுத்தினார். அயன் பண்ணிய காற்சட்டையோடு முழங்காலிட்டு, என்னோடு சேர்ந்து தூரிகையால் தரையைக் கூட்டினார். கூட்டியதை நுண்ணோக்கியின் கீழ் வைத்துப் பார்த்தோம். மணல், தலைமயிர், பல்லி எச்சம். கடைசியில் அவர்தான் துள்ளினார்.

“இந்தா இரிக்கி மிஸ், ஓடு! ஒண்டில்ல, ஏழெட்டு இரிக்கி!”

இருக்காமல் என்ன? பெண் என்று தெரிந்த எரிச்சலில் நான் அந்த மேசையிலிருந்து ஊதித் தள்ளிய நான்கு வருட ஓடுகள் அவை. இந்த வகையில் ஆணுக்கும் பெண்ணுக்கும் ஓடு ஒரே மாதிரி.

“இதில ஆண் எது மிஸ்?” என்று கேட்டார், முகமெல்லாம் சந்தோசமாக.

“தெரியாது சேர்” என்றேன்.