தண்ணி ஒரு மாதிரியா இருக்கு

மூன்று மாதத்துக்கு முன் ஒரு சனிக்கிழமை, காலில் செருப்பு, கையில் கடிகாரம், உடம்பில் கம்பளிச் சுவெட்டர் சகிதமாக ஒரு நீச்சல் குளத்துக்குள் குதித்தேன். எனக்கு நீச்சல் தெரியாது.

"நானுஓயாக் குளிரில் நீச்சல் குளமா?" என்று நீங்கள் கேட்பீர்கள். நியாயமான கேள்விதான். எங்கள் மலைப் பக்கத்தில் பச்சைத் தண்ணீரில் முகம் கழுவுகிறவருக்கே மாலை போடலாம். ஆனாலும் என் அக்கா வீட்டுக் கொல்லையில் ஒரு குளம் இருக்கிறது. வீட்டைக் கட்டிய பழைய சொந்தக்காரர் எந்த நினைப்பில் கட்டினாரோ... அக்காவும் அத்தானும் வாங்கியபோது அதில் தண்ணீர் இல்லை. சருகும் தவளையும்தான் இருந்தன.

அப்படியே கிடந்திருக்கும். ஆனால் அக்கா போன வருஷம் ஹட்டன் பஸ் ஸ்டாண்டில் வழுக்கி விழுந்து இடுப்பை முறித்துக்கொண்டாள். கண்டியில் ஒப்பரேஷன். "சூடு தண்ணிக்குள்ள தினமும் நடக்க விடுங்க. நடந்தாத்தான் நடை வரும்" என்றார் டொக்டர்.

அத்தானுக்கு அதைவிட நல்ல செய்தி வேறு எதுவும் இருந்திருக்க முடியாது. டுபாயில் ஒரு ஹோட்டலில் வருஷக்கணக்காக நீச்சல் குளத்தைப் பராமரித்தவர் அவர். ஊர் திரும்பிய பிறகு அந்த வித்தைக்கு இங்கே வேலையில்லை. சும்மா இருக்கிற கை அரிக்கும் அல்லவா? அவருக்கு உடம்பே அரித்துக்கொண்டிருந்தது.

தவளைகளைத் துரத்தினார். சிமெந்து பூசினார். மேலே மலைச் சரிவில் உள்ள ஊற்றிலிருந்து குழாய் இழுத்துக் குளத்தை நிரப்பினார். செம்புச் சுருள் வைத்த ஹீட்டர் ஒன்றைப் பொருத்தினார். அக்கா பிடித்து நடக்க, உள்சுவர் நெடுக ஒரு இரும்புக் கம்பியைச் சிமெந்தில் பதித்தார். மேலே, ஸ்ட்ரோபெரி போடுகிறவர்கள் கட்டுகிறார்களே, அந்த மாதிரி ஒரு பொலித்தீன் கூடாரம்.

"கம்பியை மட்டும் விட்டுடாத புள்ள. மத்ததை நான் பார்த்துக்கிறேன்." அக்காவுக்கு அவர் சொன்னது அவ்வளவுதான்.

நான் பள்ளிக்கூட டீச்சர். சனிக்கிழமை தோறும் ரயிலேறிப் போய் அக்காவுக்குத் துணை இருப்பது என் வேலை. சொன்னால் நம்புங்கள், அந்தக் கூடாரத்துக்குள் நுழைய எனக்குப் பிடிக்கவே பிடிக்காது. உள்ளே ஒரே ஆவி. எதிர்ச் சுவர் தெரியாது. பகல் வெளிச்சம் பொலித்தீன் வழியாகப் பால் மாதிரி இறங்கும். தண்ணீரோ... இருப்பதே தெரியாது! அவ்வளவு தெளிவு. ஆவி விலகுகிற இடத்தில் குனிந்து பார்த்தால் வெறும் தரைதான் கிடக்கும். கையை விட்டால்தான் நனையும்.

"பார்த்தீங்களா? மினரல் வோட்டர்!" என்பார் அத்தான்.

தினமும் காலையில் சின்னக் கண்ணாடிக் குழாயில் தண்ணீர் எடுத்து, மருந்துச் சொட்டு விட்டுப் பார்ப்பார். பீ-எச் பார்க்கிறாராம். தண்ணீர் புளிப்புப் பக்கம் சாய்கிறதா, காரப் பக்கம் சாய்கிறதா என்று நிறம் சொல்லிவிடும். காலையில் அது காரப் பக்கம் ஏறியிருக்கும். கொஞ்சம் அசிட் ஊற்றுவார். மாலையில் அளந்தால் சரியாக இருக்கும். மறுநாள் காலையில்... மறுபடி ஏறியிருக்கும்.

"ராத்திரி யார் என்னத்தைப் போட்டா அத்தான்?"

"யாரும் போடலம்மா. அது தானா ஏறும். டுபாய்லயும் இப்படித்தான்."

பூட்டிய கூடாரம். ஆள் இல்லை. எதுவும் விழவில்லை. ஆனாலும் தண்ணீர் ராத்திரியில் தானாக மாறுகிறது என்றால் உங்களுக்கு எப்படி இருக்கும்? எனக்கு முதுகில் சில்லென்றது. அத்தானுக்கு அப்படியில்லை. தெரிந்த வேலை பயத்தை எடுத்துவிடுகிறது.

அப்போதுதான் அக்கா அதைச் சொல்ல ஆரம்பித்தாள்.

"தண்ணி ஒரு மாதிரியா இருக்குங்க."

"ஒரு மாதிரின்னா? சூடு பத்தலையா?"

"சூடெல்லாம் சரி. தண்ணிதான் ஒரு மாதிரியா இருக்கு."

"குளோரின் வாடையா?"

"அதில்லங்க..."

"அப்ப எந்த மாதிரி? சொன்னாத்தானே தெரியும்!"

அக்காவால் சொல்ல முடியவில்லை. அத்தான் குழாயைத் தூக்கி வெளிச்சத்தில் காட்டினார். நிறம் கச்சிதமாக இருந்தது. விஷயம் முடிந்தது.

இந்த 'ஒரு மாதிரி' இருக்கிறதே... நம் வீட்டுப் பெண்கள் பாதி விஷயத்தை இந்த இரண்டு சொல்லில்தான் சொல்கிறார்கள். மாப்பிள்ளை ஒரு மாதிரி. அந்த ஆளின் பார்வை ஒரு மாதிரி. காலையிலிருந்து நெஞ்சு ஒரு மாதிரி. சொல்கிறவளுக்கு அது முழுத் தகவல். கேட்கிறவருக்கு அது தகவலே இல்லை. 'எந்த மாதிரி?' என்று ஒரே ஒரு கேள்வி. பதில் வராவிட்டால் வழக்குத் தள்ளுபடி.

வாரங்கள் போகப் போக அக்காவின் 'ஒரு மாதிரி'க்கு உருவம் வந்தது. நரைத்த முடியில் பச்சை படர்ந்தது. பாசி இல்லை, தொட்டால் ஒன்றும் ஒட்டவில்லை. ஆனால் பச்சை. துடைத்த வெள்ளைத் துவாய் துவைத்த பிறகு லேசாக நீலம் காட்டியது. அவளுடைய உள்ளங்கால் சிவந்து தோல் உரிந்தது.

"கீழ மாட்டு நாக்கு மாதிரி சொரசொரன்னு இருக்குடி" என்றாள் என்னிடம் ரகசியமாக. "நடக்குறப்ப காலை நக்குற மாதிரி இருக்கு."

"தண்ணிக்குப் பசியா இருக்கும். நீ ருசியா இருக்க போல" என்றேன். நான் சிரித்தேன். வாசலில் நின்ற அத்தானும் சிரித்தார். அக்கா சிரிக்கவில்லை. அவளுக்கு நடை வர வேண்டும். பேரன் பேத்தி எடுக்கிற வயதில் கக்கூசுக்குப் போக இன்னொருவர் தோளைப் பிடிக்கிற அவமானம் அவளுக்குப் போதும் போதும் என்றாகியிருந்தது. அதனால் மறுநாளும் வாயை மூடிக்கொண்டு தண்ணீரில் இறங்கினாள்.

இனி அந்தச் சனிக்கிழமை.

வெளியே மழைத் தூறல். கூடாரத்துக்குள் ஆவி வழக்கத்தைவிட அதிகம். நான் இந்தப் பக்கம் ஸ்டூலில் உட்கார்ந்திருக்கிறேன். அக்கா கம்பியைப் பிடித்துக்கொண்டு மெதுவாக அந்தக் கோடிக்கு நடக்கிறாள். தலை ஆவிக்குள் மறைந்துவிட்டது. குரல் மட்டும் வருகிறது. சின்ன மருமகள் புட்டு அவிக்கிற அழகைப் பற்றி நல்ல உற்சாகமாகக் குறை சொல்லிக்கொண்டிருந்தாள்.

"...மாவை அப்படியா பிசையிறது? நான் சொன்னா மட்டும்..."

அதோடு குரல் நின்றது.

அலறல் இல்லை. தண்ணீர் தெறித்த சத்தம்கூட இல்லை. 'டொக்' என்று சுவரிலிருந்து ஒரு சத்தம் மட்டும். நான் ஒரு கணம் அவள் மூச்சு வாங்குகிறாள் என்று நினைத்தேன். நினைத்துக்கொண்டே எழுந்து ஓடினேன்.

"அக்கா?"

ஆவியை விலக்கிக் குனிந்தேன். அக்கா அடியில் மல்லாந்து கிடந்தாள். கண் திறந்திருந்தது. என்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். அவ்வளவு தெளிவான தண்ணீர்... கண்ணாடிப் பெட்டிக்குள் படுக்க வைத்த மாதிரி இருந்தது. கை நீட்டினால் எட்டும் என்று நினைத்துக் கையை நீட்டினேன். தோள் வரை நனைந்தது. அவள் இன்னும் தூரத்தில் இருந்தாள். அவள் நெஞ்சின் மேல், சுவரிலிருந்து கழன்று வந்த அந்த நீளக் கம்பி கிடந்தது. இரண்டு கையாலும் அதை இறுக்கிப் பிடித்திருந்தாள். கம்பியை மட்டும் விடக் கூடாது அல்லவா?

குதித்தேன். தண்ணீர் என் நெஞ்சளவுதான், அதுதான் அதிர்ஷ்டம். அவள் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரிக்க வேண்டியிருந்தது. விட மாட்டேன் என்கிறாள்! நான் போட்ட கூச்சலில் அத்தான் ஓடிவந்து குதித்தார். எப்படி மேலே கொண்டுவந்தோம் என்று எனக்கு இன்றைக்கும் கோர்வையாகச் சொல்ல வராது. அக்கா இருமினாள், வாந்தியெடுத்தாள், பிறகு அழுதாள். அவள் அழுகிற சத்தம் அவ்வளவு இனிமையாக என் காதில் விழும் என்று நான் நினைத்ததே இல்லை.

ஆஸ்பத்திரிக்குப் போய், பயமில்லை என்று தெரிந்து, அவளைப் படுக்க வைத்த பிறகு அத்தான் கூடாரத்துக்குப் போனார். நானும் பின்னால் போனேன். கம்பி பதித்திருந்த துளைக்குள் விரலை விட்டார். தேநீரில் ஊறிய பிஸ்கட் மாதிரி சிமெந்து விரலோடு வந்தது. சுவரைத் தடவினார். பூச்சு உதிர்ந்து கையெல்லாம் மணல்.

கையைத் துடைத்துக்கொண்டார். பிறகு மருந்துப் பெட்டியின் அடியிலிருந்து ஒரு போத்தலை எடுத்தார். மூடியே திறக்காதது. தண்ணீரில் எவ்வளவு சுண்ணாம்பு இருக்கிறது என்று பார்க்கிற மருந்தாம். சிவப்பாக நிற்கும் தண்ணீர் நீலமாகும்வரை சொட்டுச் சொட்டாக விட வேண்டும். சுண்ணாம்பு கூடக் கூடச் சொட்டும் கூடும்.

"டுபாய்ல விட்டு விட்டுக் கை வலிக்கும்மா" என்றார். இங்கே விட்ட வேகத்திலேயே நீலமாகிவிட்டது.

பிறகு அவர் எனக்கு விளக்கியதை உங்களுக்குச் சொல்கிறேன். டுபாய்த் தண்ணீரில் சுண்ணாம்பு அதிகம். ஓடுகளில் வெள்ளையாகப் படியும். அங்கே அவருடைய பகை அந்தச் சுண்ணாம்புதான். எங்கள் மலை ஊற்றிலோ சுண்ணாம்பே இல்லை. அப்படிப்பட்ட தண்ணீர் சும்மா இருக்காதாம். தனக்கு இல்லாததைக் கிடைக்கிற இடத்தில் எடுத்துக்கொள்ளும். எங்கே கிடைக்கும்? சிமெந்தில். ராத்திரி முழுக்கச் சுவரைத் தின்றது. தின்ற சுண்ணாம்பால்தான் காலையில் காரம் ஏறியது. அத்தான் அதைப் பார்த்து அசிட் ஊற்றினார். அதாவது, சாப்பிட்டு முடித்த தண்ணீருக்குத் தினமும் மறுபடி பசியைக் கிளப்பிவிட்டார். ஹீட்டரின் செம்பையும் அது விடவில்லை. துவாயின் நீலமும் அக்கா முடியின் பச்சையும் அந்தச் செம்புதான்.

பசி என்று கேலியாகச் சொன்னவள் நான். அது அப்படியே உண்மை.

"அவ சொன்னா... அவ சொல்லிக்கிட்டேதான் இருந்தா" என்றார் அத்தான். அவர் அழுது அன்றுதான் பார்த்தேன்.

குளத்தை வடித்தார். மறுபடி பூசி, கம்பியைக் குளத்து விளிம்புக்கு வெளியே, தண்ணீர் படாத கொங்கிரீட் தூண்களில் பொருத்தி, மறுபடி நிரப்பினார். இந்த முறை தண்ணீருக்கு முதலில் சாப்பாடு. மூட்டை மூட்டையாகக் கல்சியம். அதோடு அப்பச்சோடா. ஆமாம், நம் அப்பத்துக்குப் போடுகிற அதே அப்பச்சோடாதான். அது இருந்தால் பீ-எச் இஷ்டத்துக்கு ஆடாதாம். ஹட்டனில் நாங்கள் நானா என்று கூப்பிடுகிற முஸ்லிம் கடைக்காரர் மூட்டையைத் தூக்கி வைத்துவிட்டு, "என்ன டீச்சர், ஊருக்கே அப்பம் சுடப் போறீங்களா?" என்றார். "இல்லங்க நானா, தண்ணிக்குப் பசி" என்றேன். அவர் மிச்சக் காசை எண்ணப் போய்விட்டார்.

இப்போது காலையிலும் மாலையிலும் ஒரே நிறம். ராத்திரியில் தண்ணீர் மாறுவதில்லை. துவாய் வெள்ளையாகவே இருக்கிறது. அக்காவும் ஒருவழியாக மறுபடி இறங்கினாள், என் கையையும் பிடித்துக்கொண்டுதான். நடை கொஞ்சம் கொஞ்சமாக வருகிறது.

ஆனால் போன சனிக்கிழமை நடந்ததைச் சொல்ல வேண்டும். அத்தான் எல்லாப் பரிசோதனையும் செய்து முடித்திருந்தார். எல்லாம் சரி. சூடு சரி. அக்கா படியருகில் வந்து தண்ணீரைப் பார்த்துக்கொண்டே நின்றாள். கூடாரத்துக்குள் ஆவி மெல்ல அசைந்தது.

"இன்னைக்கு வேணாங்க" என்றாள்.

அத்தான் 'ஏன்' என்று கேட்கவில்லை. கையிலிருந்த கண்ணாடிக் குழாயைக் கவிழ்த்துவிட்டு ஹீட்டர் ஸ்விட்சை அணைத்தார். மூவரும் வீட்டுக்குள் போய்ப் பிளேன் டீ குடித்தோம். கூடாரத்தில் ஒன்றும் நடக்கவில்லை.

நாங்கள் அங்கே இல்லாததால்தான் நடக்கவில்லையா என்று போய்ப் பார்க்க, மூவரில் ஒருவரும் எழுந்திருக்கவில்லை.