இடம் மேலாண்மை மாநாடு

நகராட்சிகளின் ஆண்டு மாநாடு முதல் தடவை எங்கள் திருவொற்றியூரில் நடந்தபோது, துணிப் பேனரில் ‘இடர் மேலாண்மை’ என்பது ‘இடம் மேலாண்மை’ ஆகியிருந்தது. ஏற்பாட்டைக் கவனித்த குமாஸ்தா நான். எரிச்சலோடு பெயிண்டரைக் கேட்டேன்.

“இடர்னா இன்னா சார்? நீங்கதான் தப்பா எழுதிட்டீங்கன்னு திருத்துனேன்.”

அவர் குடியிருந்தது கடலோரக் குப்பத்தில்.

அந்த ஆண்டு சாக்கடை அடைப்பையும் நாய்க்கடியையும்தான் பேசினார்கள். பிறகு ஆண்டுதோறும் இங்கேயே நடந்த மாநாட்டுப் பேச்சில் தீ விபத்து வந்தது, விஷவாயு வந்தது. அடுத்து எது வருமோ என்று ஒவ்வோர் ஆண்டும் எனக்கு ஒரு குறுகுறுப்பு. பெயிண்டருக்கு மட்டும் ‘ர்’ போடச் சொல்லி ஒவ்வொரு தடவையும் நினைவூட்ட வேண்டியிருந்தது.

சுனாமிக்கு அடுத்த ஆண்டு, நான் சொல்வதற்கு முன்பே சரியாக எழுதியிருந்தார்.

“இப்ப இடர் கீது சார். இடம்தான் இல்ல.”