இனிஷியல் போட்ட அஜாக்ஸ்

1. வியாழக்கிழமை மத்தியானம்

அமெரிக்காவில் நான் தனியாக டிசைன் பண்ணிய முதல் பெரிய பேனரில் ஒரு ஆளுக்கு இரண்டு அப்பா வந்துவிட்டார்கள். அதைக் கண்டுபிடித்தது எங்கள் ஓனர் சுமதி அக்காவின் மகள் நிலா. ஆறாம் வகுப்பு படிக்கிறாள். ஸ்கூல் விட்டு நேராகக் கடைக்கு வந்தவள், பையைக்கூட இறக்காமல் சுவரில் தொங்கிய பேனரைப் பார்த்துச் சொன்னாள்.

"அம்மா, அஜாக்ஸ் ஹேஸ் டூ டேட்ஸ்."

"என்னடி சொல்றே?" அக்கா கம்ப்யூட்டரை விட்டு எழுந்து வந்தார்.

"அண்ட் கிரியூசாவுக்கு ரெண்டு ஹஸ்பண்ட். கார்த்தி அண்ணா, வாட் டிட் யூ டூ?"

கடை பார்சிப்பனி என்கிற ஊரில் இருக்கிறது. போர்டு, பேனர், கண்ணாடியில் ஒட்டுகிற வினைல் எழுத்து, எல்லாம் செய்வோம். இந்த பேனர் நிலா படிக்கிற ஸ்கூலில் இருந்தே வந்த ஆர்டர். கிரேக்கக் கதைகளில் வருகிற சாமிகள், ராஜாக்கள், வீரர்கள் எல்லோரும் யாருக்கு யார் என்ன உறவு என்று காட்டுகிற குடும்ப மரம். பத்தடி அகலம். பெரிய ஆலிவ் மரம் வரைந்து கிளை கிளையாகப் பேர் போட்டிருந்தேன். வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஆறு மணிக்குப் பெற்றோர்கள் பார்க்க வருவார்கள்.

"டீச்சர் ப்ரூஃப் ஓகே பண்ணாங்கல்ல?" என்று அக்கா கேட்டார்.

"பண்ணாங்க, ஆனா கலரும் ஸ்பெல்லிங்கும்தானுங்க்கா பாத்தாங்க. லிஸ்ட்ல ரெண்டு ரெண்டா இருந்த பேரையெல்லாம் நாந்தான் ஒண்ணாக்குனேன்."

"ஏன்டா?"

"டைப்பிங் தப்புன்னு நெனச்சுட்டனுங்க்கா."

அக்கா தலையில் கை வைத்துக்கொண்டார். "இது என்ன திருப்பூர் கல்யாண ஃப்ளெக்ஸா?"

2. நான் ஏன் அழித்தேன்

அக்கா கோபத்தில் கேட்டாலும் விஷயம் அதுதான். நான் பதினொன்றாம் வகுப்பில் பாதியில் நின்றவன். திருப்பூரில் ஃப்ளெக்ஸ் கடையில் மூன்று வருஷம் இருந்தேன். கல்யாண வாழ்த்து பேனரில் நண்பர்கள் பேர் அறுபது எழுபது வரும். அங்கே ஒரு வழக்கம் உண்டு. இனிஷியலோடு இரண்டு முருகேசன் வந்தால் இரண்டு ஆள். இனிஷியல் இல்லாமல் இரண்டு முருகேசன் வந்தால் யாரோ இரண்டு தடவை எழுதிவிட்டார்கள் என்று ஒன்றை அழித்துவிடுவோம். அதே கையோடு இங்கேயும் அழித்தேன். டீச்சரின் லிஸ்டில் முக்கால்வாசிப் பேருக்குப் பக்கத்திலேயே அப்பா பேர் இருந்தது. நான் அதைப் படிக்காமல் கோடு மட்டும் இழுத்தேன்.

மனசும் சரியில்லை. பிப்ரவரியில் அப்பா தவறிவிட்டார். அத்தை ஸ்பான்சர் பண்ணி, பல வருஷம் காத்திருந்து எங்களையும் கூட்டிக்கொண்டு இங்கே வந்தவர். வந்த எட்டாவது மாசம் ஹார்ட் அட்டாக். ஊரில் எத்தனையோ பேருக்குக் கண்ணீர் அஞ்சலி பேனர் நான் அடித்திருக்கிறேன். அவருக்கு அடிக்கவில்லை. இங்கே அதை எந்தச் சுவரில் கட்டுவது?

"ஊருக்கே போயிடலாம் சாமி" என்று அம்மா தினமும் அழுதார். கடையில் எனக்கு மூன்று மாசம் ட்ரயல். அது நிலைத்தால் இருக்கலாம், இல்லாவிட்டால் டிக்கெட் போடலாம் என்று அம்மாவிடம் சொல்லியிருந்தேன். அப்பா அவ்வளவு ஆசைப்பட்டு வந்த இடத்தை ஒரு வருஷம்கூட ஆகாமல் விட்டுவிட்டுப் போக எனக்கு மனசில்லை. அந்த வியாழக்கிழமை வந்தது ட்ரயலின் கடைசி வாரத்தில்.

3. ஆலிவ் இலை

ரீப்ரிண்ட் போட முடியாது. எங்கள் மெஷினில் பிரிண்ட் எடுத்தால் இங்க் ஒரு நாள் முழுக்கக் காய வேண்டும். அதற்கு அப்புறம்தான் லேமினேஷன். ஈரத்தில் போட்டால் குமிழி குமிழியாகக் கிளம்பிவிடும்.

"தப்பான கோட்டையெல்லாம் மறைச்சுடலாமுங்க்கா" என்றேன். "ஆலிவ் எலை மாதிரி வினைல் கட் பண்ணி மேல ஒட்டிடறேன். மரந்தானே, எலை கூட இருந்தா யாருக்குத் தெரியும்?"

"சரி. ரெண்டாவது அஜாக்ஸை எங்கே வைப்பே? அவன் அப்பன் பக்கத்துல எடமே இல்லையே."

"கீழ ஓரத்துலதான் எடம் இருக்குதுங்க்கா."

"அங்க வெச்சா யாரோட பையன்னு எப்படிடா தெரியும்? உங்க ஊர்ல ஒரே பேர்ல ரெண்டு ஆள் வந்தா என்ன பண்ணுவீங்க?"

"இனிஷியல் போடுவோமுங்க்கா."

சொல்லிவிட்டு நான் அக்காவைப் பார்த்தேன். அக்கா என்னைப் பார்த்தார்.

"வாட்ஸ் தட்?" என்றாள் நிலா.

"அப்பா பேரோட மொத லெட்டர். நம்ம பேருக்கு முன்னாடி போட்டுக்கறது" என்றார் அக்கா.

நிலா பையிலிருந்து கிரேக்கக் கதைப் புத்தகத்தை எடுத்துத் திறந்தாள். ஒருத்தன் டெலமான் மகன், இன்னொருத்தன் ஓய்லியூஸ் மகன். "ஸோ, டி. அஜாக்ஸ், ஓ. அஜாக்ஸ்." அவளுக்குச் சிரிப்பு தாங்கவில்லை. "கோயில்ல அர்ச்சனைக்கு க்யூல நிக்கிற அங்கிள் மாதிரி இருக்கு!"

டிராய் ராஜா பிரையம் மகள் பி. கிரியூசா. ஏதென்ஸ் ராஜா எரெக்தியஸ் மகள் ஈ. கிரியூசா. அவரவர் புருஷன் அவரவருக்குத் திரும்பக் கிடைத்தான். யூரிடிசியில்தான் மாட்டிக்கொண்டோம். அதிலும் இரண்டு பேர். இரண்டு பேருக்கும் டீச்சரின் லிஸ்டிலும் நிலாவின் புத்தகத்திலும் அப்பா பேர் இல்லை.

"புருஷன் பேரைப் போட்டுடு" என்றார் அக்கா.

"ஒய்?"

"என் பேரோட உங்கப்பா பேரு இல்லையா?"

"தட்ஸ் ஸோ அன்ஃபேர்."

"அன்ஃபேர்தான். நாளைக்கு ஆறு மணிக்குள்ள மாட்டணும், எழுத்தை வீட் பண்ணு." வீட் பண்ணுவது என்றால், வெட்டிய வினைலில் எழுத்தை மட்டும் விட்டுவிட்டு வேண்டாததைக் கொக்கியால் பிய்த்தெடுப்பது. நிலா முணுமுணுத்துக்கொண்டே பிய்த்தாள்.

பிய்த்துக்கொண்டே டியூசர் கதை சொன்னாள். அவன் டி. அஜாக்ஸின் தம்பி, அம்மா மட்டும் வேறே. அவனுக்கும் டி. போட்டதும் அண்ணன் தம்பி என்று பார்த்தாலே தெரிந்தது. சண்டைக்குப் போன இடத்தில் அண்ணன் செத்துப்போக, தம்பி மட்டும் ஊர் திரும்புகிறான். அண்ணன் இல்லாமல் ஏன் வந்தாய் என்று அப்பா துரத்திவிடுகிறார்.

"அப்புறம் எங்க போனான்?" என்று கேட்டேன்.

"வேற ஐலண்ட் போய் புது ஊர் கட்டினான். பழைய ஊர் பேரையே வெச்சான்."

"நம்மாளுங்க இங்க கடைக்கு ஊர்ப் பேரை வெக்கிற மாதிரி" என்றார் அக்கா.

எனக்கும் சிரிப்பு வந்தது. பிப்ரவரிக்கு அப்புறம் நான் கடையில் சிரித்தது அன்றைக்குத்தான்.

4. வெள்ளிக்கிழமை

நாலு மணிக்கு ஸ்கூல் கேஃபட்டீரியாவில் பேனரை மாட்டினோம். டீச்சர் வந்து முன்னால் நின்றார். ஒவ்வொரு கிளையாகப் படித்தார். அக்கா வாயைத் திறப்பதற்குள் நானே சொல்லிவிட்டேன். "ஐ டிலீட் நேம்ஸ். மை மிஸ்டேக். வீ ஃபிக்ஸ்." என் இங்கிலீஷ் அவ்வளவுதான். அக்கா இனிஷியல் வழக்கத்தை விளக்கிச் சொன்னார்.

டீச்சர் ஓரத்தில் இருந்த ஓ. அஜாக்ஸைத் தொட்டுப் பார்த்தார். வருஷா வருஷம் பிள்ளைகள் இந்த இரண்டு அஜாக்ஸையும்தான் குழப்பிக்கொள்கிறார்கள், இதை எடுக்கவே வேண்டாம் என்றார். சாயங்காலம் என்னையும் பேனர் பக்கத்தில் நிற்கச் சொன்னார்.

ஆறு மணிக்கு மேல் டீச்சர் சொல்லி, பிள்ளைகள் ஒட்டுக் காகிதத்தில் தங்கள் பேரை இனிஷியலோடு எழுதிச் சுவரில் ஒட்டினார்கள். மாதிரிக்கு நான் என் பேரை 'பி. கார்த்தி' என்று எழுதி வைத்திருந்தேன். வெறும் பேரை மட்டும் ஒட்டியிருந்த ஒரு பெண் குழந்தை என்னிடம் வந்து, பி என்றால் என்ன என்று கேட்டது. பழனிசாமி, என் அப்பா என்றேன். அவர் இங்கே வருவாரா என்றது. இல்லை, பிப்ரவரியில் இறந்துவிட்டார் என்றேன்.

குழந்தை கொஞ்சம் யோசித்தது. "டூ யூ டேக் த பி ஆஃப் நவ்?"

"நோ" என்றேன். "இட் ஸ்டேஸ்."

அது போய்த் தன் காகிதத்தைச் சுவரிலிருந்து எடுத்தது. பேருக்கு முன்னால் ஆர் என்று எழுதி, புள்ளி வைத்து, அதே இடத்தில் திரும்ப ஒட்டியது. பக்கத்தில் நின்ற டீச்சர் என் தோளைத் தொட்டுவிட்டுப் போனார்.

வேனில் ஏணியை ஏற்றும்போது அக்கா சொன்னார்: "திங்கக்கிழமை எட்டு மணிக்கு வந்துடு. ட்ரயல்லாம் முடிஞ்சுது. இனிமே லிஸ்டை முழுசாப் படி, எரும." அன்றைக்கு அப்படித் திட்டு வாங்கியதில் இருந்த சந்தோஷம் எனக்கு வேறு எதிலும் இருந்ததில்லை. அம்மாவுக்கு அங்கே நின்றே போன் பண்ணினேன். டிக்கெட் பேச்சு அதோடு நின்றது. தப்பு செய்தவனைத் துரத்தாமல் பக்கத்தில் உட்கார்ந்து இலை வெட்டிய அக்காவுக்கும், புத்தகமும் கையுமாக இருந்த நிலாவுக்கும் நான் என்றைக்கும் கடமைப்பட்டவன்.

இந்த வேலைக்குப் புதிதாக வருகிறவர்களுக்கு நான் சொல்ல ஒன்றுதான் இருக்கிறது. லிஸ்டில் ஒரே பேர் இரண்டு தடவை வந்தால் டிலீட்டில் கை வைக்காதீர்கள். ஒரு போன் போட்டு, இவர் யாருடைய பிள்ளை என்று கேளுங்கள்.