பச்சைக்கோடு போட்ட பெருச்சாளி

போன ஞாயிற்றுக்கிழமை காலை. பேப்பரைப் பிரித்து முதல் பக்கத்தைக்கூடத் தாண்டவில்லை, வாசலில் ஸ்கூட்டர் வந்து நின்றது. எங்கள் தெருக்கோடியில் புதிதாக வீடு கட்டிக்கொண்டு வந்திருக்கும் ரமேஷ். அவர் காலுக்கு நடுவே, ஸ்கூட்டரின் தளத்தில், கோணி போட்டு மூடிய ஏதோ ஒன்று. அது அசைந்தது.

"சார், ஒரு சின்ன ஹெல்ப். நேத்து ராத்திரி மாட்டிச்சு. இதை எங்க கொண்டுபோய் விடறதுன்னு தெரியல."

கோணியை விலக்கினார். பொறிக்கூண்டு. உள்ளே, பூனைக்குட்டி சைஸில் ஒரு பெருச்சாளி. மீசை துடிக்க என்னை ஏற இறங்கப் பார்த்தது.

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அடக்கப் பார்த்தேன், முடியவில்லை. ரமேஷின் முகம் சுருங்கியது. பாவம், அவரைப் பார்த்துச் சிரித்ததாக நினைத்துக்கொண்டார். நான் சிரித்தது என்னைப் பார்த்து. ஏழெட்டு வருஷத்துக்கு முன்னால், இதே மாதிரி ஒரு கூண்டோடு ரயில்வே கேட்டில் நின்ற என்னைப் பார்த்து…

அந்தக் கதையைச் சொல்வதற்கு முன்னால் பெருச்சாளியைப் பற்றி இரண்டு வார்த்தை. சிட்டிக்குள் மூன்றாவது மாடியில் குடியிருக்கும் வாசகர்கள் இதை எலியின் பெரியண்ணன் என்று நினைத்துக்கொண்டிருக்கலாம். இல்லை. எலி திருடன். பெருச்சாளி இன்ஜினீயர். சுற்றுச்சுவருக்கு இந்தப் பக்கம் நுழைந்து அந்தப் பக்கம் வெளியே வரும். வாசல், கொல்லை வாசல், அவசர வாசல் எல்லாம் வைத்துக் கட்டும். உள்ளே போனதும் மண்ணைத் தள்ளிக் கதவைச் சாத்திக்கொள்ளும். நான் வீடு கட்டியபோது மேஸ்திரி கொல்லைக் கதவை எந்தப் பக்கம் வைப்பது என்பதையே மறந்துவிட்டார்.

திருநீர்மலை ரோட்டை ஒட்டிய லேஅவுட்டில் நாங்கள் வீடு கட்டி வந்த புதிது. சுற்றிலும் காலி மனை. நேற்றுவரை நெல் விளைந்த பூமி. நெல் போய்விட்டது, பெருச்சாளிகள் போகவில்லை. அவை ஏன் போக வேண்டும்? பத்திரத்தில் கையெழுத்துப் போட்டது அவையா என்ன?

நிழல் என்பதே கிடையாது. சித்திரை வெயிலில் சுவரில் சாய்ந்தால் முதுகு வெந்துவிடும். அப்போதுதான் கிரகப்பிரவேசத்துக்கு வந்த என் மாமனார், தஞ்சாவூர்ப் பக்கத்திலிருந்து நான்கு தென்னம்பிள்ளைகளைச் சாக்கில் கட்டி, ரயிலில் மடியில் வைத்துக்கொண்டு வந்து இறங்கினார். தானே குழி வெட்டி நட்டார். ஊருக்குக் கிளம்பும்போது மகளிடம் சொன்னது ஒரே வார்த்தை: "பாத்துக்கம்மா."

சரோஜா பார்த்துக்கொண்டாள். பெருச்சாளியும் பார்த்துக்கொண்டிருந்தது.

முதல் கன்று ஐப்பசியில் போயிற்று. ஒரு நாள் காலை ஓலை வாடியிருந்தது. தொட்டதும் கையோடு வந்துவிட்டது. அடியில் குருத்தைக் கடித்துத் தின்றுவிட்டு, குழியை நாகரிகமாக மூடிவிட்டுப் போயிருந்தது. பொங்கலுக்குள் இன்னும் இரண்டு. மிச்சம் ஒன்றே ஒன்று.

சரோஜா சாதாரணமாக அழமாட்டாள். அன்றைக்கு அழுதாள். ஊருக்குப் போகும்போதெல்லாம் அவள் அப்பா கேட்கும் முதல் கேள்வி, 'தென்னம்பிள்ளை எப்படி இருக்கு?' என்பதுதான். இவளும் முதல் கன்று போனதிலிருந்தே, 'நாலும் நல்லா இருக்குப்பா' என்று சொல்லிவைத்திருந்தாள். அவரோ சித்திரையில் வருவதாக ஆள் மூலம் சொல்லி அனுப்பிவிட்டார். இந்த ஒன்றும் போய்விட்டால் அவர் முகத்தில் எப்படி விழிப்பது?

விஷம் வைக்கலாம் என்று நான் சொன்னேன். பக்கத்து வீட்டில் கோழி வளர்க்கிறார்கள், தெருவில் குழந்தைகள் விளையாடுகின்றன, போதாக்குறைக்கு அது பிள்ளையார் வாகனம் வேறு என்று மூன்று ஆட்சேபணைகள் வந்தன. கூண்டு வாங்கினோம். உள்ளே மசால்வடை. அதுவும் ஸ்டேஷன் ரோடு டீக்கடை வடைதான். வேறு கடை வடையை வைத்தால் சீந்தாது. நாக்கு அப்படி.

முதல் ஞாயிறே ஒன்று மாட்டியது. கொல்ல மனசில்லை, ஆகவே நாடுகடத்த முடிவாயிற்று. கூண்டை ஸ்கூட்டரில் வைத்து, ஜி.எஸ்.டி. ரோட்டைக் கடந்து, ரயில்வே கேட்டைக் கடந்து, அஸ்தினாபுரம் தாண்டி ஓர் ஏரிக்கரையில் திறந்துவிட்டேன். வரும்போது ஏதோ பெரிய புண்ணியம் செய்த மாதிரி நெஞ்சு நிமிர்ந்துதான் வந்தேன்.

அடுத்த ஞாயிறும் ஒன்று மாட்டியது.

"அதேதான். திரும்பி வந்திருக்கு" என்றேன் நான்.

"அதேதான்னு எப்படிச் சொல்றீங்க? ஆதாரம்?"

சரோஜாவுக்கு ஆடிட் ஆபீசில் வேலை. ஆதாரம் இல்லாமல் சூரியன் கிழக்கே உதித்தாலும் ஒத்துக்கொள்ளமாட்டாள். அந்த வாரம் எங்கள் வீட்டு வாசல் கேட்டுக்குப் பச்சை பெயின்ட் அடித்துக்கொண்டிருந்தோம். துடைப்பக் குச்சியை டப்பாவில் தோய்த்து, கம்பி இடுக்கு வழியாக விட்டு, பெருச்சாளியின் முதுகில் ஒரு கோடு இழுத்தாள். "இப்பக் கொண்டுபோய் விடுங்க" என்றாள்.

விட்டேன். அதே ஏரிக்கரை.

இரண்டு வாரம் கழித்து, ஒரு காலையில் கூண்டைப் பார்த்த சரோஜா என்னை மெதுவாகக் கூப்பிட்டாள். போய்ப் பார்த்தேன். உள்ளே மசால்வடையை முடித்துவிட்டு உட்கார்ந்திருந்தது… பச்சைக்கோடு.

ஏரிக்கரை எங்கே, எங்கள் வீடு எங்கே? நடுவில் எத்தனை தெரு, எத்தனை நாய்? தண்டவாளம். அதற்கப்புறம் ஜி.எஸ்.டி. ரோடு. லாரியும் பஸ்ஸும் பறக்கும் அந்த ரோட்டைக் கடக்க நானே கால் மணி நேரம் தவம் கிடப்பேன். இது எப்படிக் கடந்தது? யாரிடம் வழி கேட்டது?

ஆபீசில் இதைச் சொன்னபோது டீ டயமே நீண்டுவிட்டது. புறாவுக்கு இருக்கிற மாதிரி பெருச்சாளிக்கும் மண்டைக்குள் ஏதோ காந்தம் இருக்கிறது என்றார் ஒருவர். வாசனை பிடித்து வரும் என்றார் இன்னொருவர். எனக்கோ அதன்மேல் மரியாதையே வந்துவிட்டது. சரோஜாவும் இளகிவிட்டாள். "அதுக்கும் வீடுன்னு ஒண்ணு இருக்கும் இல்ல? பாவம்" என்றாள். அந்தத் தடவை வழியனுப்பும்போது கூடுதலாக ஒரு வடை கிடைத்தது. ஆனால் மாலையில் தென்னங்கன்றுக்குப் பக்கத்தில் புதுமண் குவிந்திருந்ததைப் பார்த்ததும் அவள் முகம் மாறிவிட்டது. சித்திரைக்கு அதிக நாள் இல்லை.

அடுத்த ஞாயிறு புதிதாக ஒன்று மாட்டியது. அடையாளம் தெரிய வேண்டுமே, அதற்கு இரண்டு கோடு. வழக்கம்போல் ஏரிக்கரையில் விட்டுவிட்டுத் திரும்பினேன். ரயில்வே கேட் சாத்தியிருந்தது. என்ஜினை அணைத்துவிட்டு நின்றேன்.

பக்கத்தில் ஒரு மொபெட். ஓட்டி வந்தவருக்கு முப்பத்தைந்து வயது இருக்கும். பின்னால் கேரியரில் ரப்பர் பட்டை போட்டுக் கட்டிய கூண்டு. கூண்டுக்குள் ஒரு பெருச்சாளி. பெருச்சாளியின் முதுகில் பச்சைக்கோடு.

நான் கண்ணைக் கசக்கிக்கொண்டு மறுபடி பார்த்தேன். நம்முடைய ஆள்தான். சந்தேகமே இல்லை.

நான் பார்ப்பதைக் கவனித்துவிட்டு அவர் பேச ஆரம்பித்தார். "பாத்தியா சார் அநியாயத்த? எவனோ ஒருத்தன் வாரா வாரம் கொண்டாந்து எங்க ஏரிக்கரையில வுட்டுட்டுப் போறான். வூட்ல கோழிக்குஞ்சு ஒண்ணு தங்கல. ஒரே பேஜாரா கீது. இதுல பெயின்ட் வேற அட்ச்சு அனுப்பறான், இன்னா கொழுப்பு பாரு."

என் ஸ்கூட்டரில் காலுக்கு நடுவே இருந்த காலிக்கூண்டை, முழங்காலால் மறைத்துக்கொண்டேன்.

"நீங்க… இதை எங்க கொண்டுபோறீங்க?" என்று கேட்டேன்.

"கேட்டுக்கு அந்தாண்ட, திருநீர்மல ரோட்டுல ஒரு புது லேஅவுட் கீது சார். ஃபுல்லா காலி மனைங்க. அங்கதான் வுட்டுட்டு வந்துகினு கீறேன். யாருக்கும் தொந்தரவு இல்ல."

புரிந்தது. எல்லாம் புரிந்தது. தண்டவாளம், ஜி.எஸ்.டி. ரோடு, காந்தம், வாசனை… அது நடந்தே வரவில்லை. மொபெட்டில் வந்திருக்கிறது. போகும்போது ஸ்கூட்டர், வரும்போது மொபெட். இரண்டு பக்கமும் சாப்பாட்டோடு.

ரயில் கடந்து போயிற்று. கேட் இன்னும் திறக்கவில்லை. அவர் குனிந்து என் முழங்காலுக்குப் பின்னால் பார்த்தார். பிறகு என் விரல் நகத்தில் ஒட்டியிருந்த பச்சை பெயின்டைப் பார்த்தார். அடி விழும் என்றே நினைத்தேன்.

"அட இன்னா சார் நீ" என்றவர், மொபெட்டின் ஹேண்டில்பாரில் தலையைக் கவிழ்த்துக்கொண்டு சிரித்தார். பின்னால் நின்றவர்கள் ஹாரன் அடிக்கும்வரை இரண்டு பேரும் சிரித்துக்கொண்டிருந்தோம்.

அவர் பெயர் ஜோசப். குரோம்பேட்டையில் ஒரு தோல் கம்பெனியில் வேலை. நேராக எங்கள் வீட்டுக்கே கூட்டிக்கொண்டு வந்தேன். கூண்டை இறக்கி வைத்து, "அக்கா, உங்க வூட்டுப் புள்ளையாம், பத்திரமா கொண்டாந்துட்டேன்" என்றார் சரோஜாவிடம்.

நடந்ததை எல்லாம் கேட்டுவிட்டுச் சரோஜா சிரிப்பாள் என்று எதிர்பார்த்தேன். சிரித்தாள்தான், ஆனால் பாதியில் நிறுத்திவிட்டாள். மிச்சமிருந்த கன்றின் பக்கம் போய் நின்றாள். கொஞ்ச நேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நாம அதை இங்கேருந்து அங்க தூக்கிட்டுப் போறோம். இவர் அங்கேருந்து இங்க தூக்கிட்டு வர்றார். இப்படியே எத்தனை நாள்? பெருச்சாளியை விடுங்க. கன்னுக்கு ஒரு வீடு கட்டினா என்ன?"

கழிவுநீர்க் குழிக்கு வாங்கியதில் மிஞ்சிய இரண்டு சிமென்ட் உறைகள், பெரிய வளையம் மாதிரி, சுவரோரம் கிடந்தன. ஒன்றின்மேல் உட்கார்ந்துதான் நான் ஞாயிற்றுக்கிழமைகளில் ஷேவ் செய்துகொள்வேன். அந்த உறைகளைக் காட்டினாள்.

அதற்கப்புறம் நடந்ததை நினைத்தால் இப்போதும் அவள்மேல் எனக்குப் பிரமிப்புத்தான். கன்றின் ஓலைகளைச் சேர்த்து, தலைமுடியை அள்ளி முடிகிற மாதிரி கயிற்றால் கட்டினாள். சுற்றிலும் வட்டமாகப் பள்ளம் வெட்டச் சொன்னாள். நானும் ஜோசப்பும் உறையைத் தூக்கி, கன்றின் தலைக்கு மேலாகப் போட்டு, ஓர் ஓலைகூட ஒடியாமல் இறக்கினோம். அதன்மேல் இன்னொன்று. வெளிப்பக்கம் கல்லும் உடைந்த ஓடும் போட்டு இடித்தோம். எனக்கு இடுப்புப் பிடித்துக்கொண்டது. தரைக்குக் கீழே ஒரு கோட்டை. நடுவில் ராணி மாதிரி அந்த ஒற்றைக் கன்று.

ஜோசப்பின் கோழிக்கூட்டைப் பற்றியும் விசாரித்தாள். மண் தரை என்றார். சமையலறை மேடைக்கு வாங்கி மிஞ்சியிருந்த கடப்பைக் கல்லை எடுத்துப்போய்க் கூட்டுக்கு அடியில் பதிக்கச் சொன்னாள். மறுநாளே மூன்று சக்கர மீன்பாடி வண்டி வைத்து எடுத்துப்போனார்.

இந்த அமர்க்களத்தில் பச்சைக்கோட்டை மறந்தேபோனோம். திரும்பிப் பார்த்தால் கூண்டின் அடிப்பலகையில் அழகான வட்டத்தில் ஓர் ஓட்டை. ஆள் இல்லை. ஜோசப் ஓட்டையைத் தடவிப் பார்த்துவிட்டு, "ஆசாரி கெட்டான் சார்" என்றார்.

சித்திரையில் மாமனார் வந்தார். செருப்பைக் கழற்றுமுன் கொல்லைக்குப் போனார். சரோஜா பின்னாலேயே போனாள். அவர் உறைக்குள் நின்ற கன்றைப் பார்த்தார். வெறுமையாகக் கிடந்த மற்ற மூன்று இடங்களையும் பார்த்தார்.

"பெருச்சாளிப்பா. பொய் சொல்லிட்டேன்" என்றாள் சரோஜா.

அவர் உறையைத் தட்டிப் பார்த்தார். விரலை விட்டு மண்ணைக் கிளறிப் பார்த்தார். "இது யாரு யோசனை?" என்றார். நான் சரோஜாவைக் கை காட்டினேன்.

"நாலு வச்சா ஒண்ணு நிக்கும்னுதாம்மா நாலு கொண்டாந்தேன்" என்றார். "ஒண்ணு நிக்குதுல்ல?"

அந்த ஒன்று இன்றைக்கு மொட்டை மாடியைத் தாண்டி நிற்கிறது. இப்போது குலையும் தள்ளுகிறது. குரும்பைக்கு அணில் வந்தது. சரோஜா தண்டில் தகரம் சுற்றினாள். அணில் டி.வி. ஆன்டெனா கம்பி வழியாக நடந்து வந்து ஓலைக்குத் தாவியது. அதை ஒரு மணி நேரம் நின்று பார்த்தவள், உள்ளே வந்து, "அது தேய்மானம், கணக்குல எழுதிட வேண்டியதுதான்" என்று சொல்லிவிட்டாள். ஆடிட்டில் அதற்கு இடம் உண்டாம்.

ரமேஷுக்கு இவ்வளவையும் சொல்லி முடிப்பதற்குள் காபி வந்துவிட்டது. அவர் வீட்டிலும் இரண்டு தென்னம்பிள்ளை வைத்திருக்கிறாராம். சரோஜா அவரைக் கொல்லைக்குக் கூட்டிப்போய் மரத்தைக் காட்டினாள். உறை எங்கே கிடைக்கும், எப்படி இறக்க வேண்டும் என்று பாடமே எடுத்துவிட்டாள். தலையாட்டிக்கொண்டே கேட்டவர், கடைசியில் கூண்டைக் கையில் எடுத்தார்.

"எல்லாம் சரி ஆன்ட்டி. இதை நான் எங்க விடறது? அஸ்தினாபுரம் ஏரிக்கே போகட்டுமா?"

சரோஜா கோணியை விலக்கி உள்ளே பார்த்தாள். முதுகில் கோடு ஏதும் இருக்கிறதா என்று தேடினாள் போலிருக்கிறது.

"எதுக்குத் தம்பி அவ்வளவு தூரம்? இங்கயே திறந்துவிடுங்க. எப்படியும் இங்கதான் வரப்போகுது… பெட்ரோலாவது மிச்சம்."