தங்கையின் கையில் நீலத் தடங்கள்

வீடு மாற்றுகிறவர்களின் பீரோவை ஒற்றை ஆளாக மாடிப்படி ஏற்றிவிடுவான் என்பதால் அவனுக்குக் கிரேன் என்று பெயர் விழுந்துவிட்டது. கோபம் வந்தால் முதலில் கை பேசும், பிறகுதான் வாய்.

தையல் ஆலையில் வேலை பார்க்கும் தங்கையின் கைகளில் நீலம் பாரித்த தடங்களைக் கண்டதும், ஒரு வார்த்தை கேட்காமல் அவள் புருஷனின் தச்சுப் பட்டறைக்குப் போனான். பலகை இழைத்துக்கொண்டிருந்தவனைச் சட்டையைப் பிடித்துத் தூக்கி ஓர் அறை விட்டான்.

"மச்சான், நான் அவளைத் தொடக்கூட இல்ல. நேத்து ஆலையில ஊசி குத்தின அவ விரல்லயே இன்னும் ரத்தம் நிக்கல. நானே பயந்து கிடக்கேன், நீங்க வேற..."

கிரேன் கையை இறக்கினான். அன்றே மூவரும் மருத்துவமனைக்குப் போனார்கள். சோதனைகள் முடிந்ததும் டாக்டரம்மா அவனை உட்காரவைத்துச் சொன்னார்.

"எலும்புக்குள்ள மஜ்ஜைன்னு ஒண்ணு இருக்கு. ரத்த அணுக்கள் அங்கதான் உருவாகுது. மூச்சுக்காத்தைச் சுமக்கிற சிவப்பணு, கிருமியோட மல்லுக்கட்டுற வெள்ளையணு, காயத்தை அடைக்கிற தட்டணு, எல்லாமே. உங்க தங்கச்சிக்கு அந்த வேலை நின்னுட்டே வருது."

"யாரால?"

"யாராலயும் இல்லப்பா. பல பேருக்குக் காரணமே தெரியறதில்ல."

அடிக்க ஆளில்லாத கைகள் மடியில் கிடந்தன.

"என் மஜ்ஜையை எடுத்துக்கோங்க."

பரிசோதித்தார்கள். பொருந்தவில்லை. "ஒரே வயித்துல பொறந்தோம், எப்படிப் பொருந்தாம போகும்?" என்று எகிறினான். உடன்பிறந்தவர்களிலும் நாலில் ஒருவருக்குத்தான் பொருந்தும் என்றார் டாக்டரம்மா. ஊர் பேர் தெரியாத யாராவது பொருந்துகிறார்களா என்று தேடினார்கள். யாரும் கிடைக்கவில்லை.

"உன் சட்டை என்னிக்கு எனக்குப் பொருந்திச்சு அண்ணா? விடு," என்று தங்கை சிரித்தாள். ஈறில் ரத்தம் கசிந்தது.

தட்டணுக்களாவது கொடுக்கலாம் என்றார்கள். எந்திரம் அவன் ரத்தத்தை இழுத்து, தட்டணுக்களைப் பிரித்துக்கொண்டு, மிச்சத்தை அவனுக்கே திருப்பியது. பையில் சேர்ந்தது வெளிறிய மஞ்சள் நீர். "இவ்வளவுதானா?" என்று நர்ஸிடம் சண்டை பிடித்தான். ஆனால் அது ஏறியதும் தங்கையின் கசிவு நின்றது. அன்று கண்டவர்களிடமெல்லாம் அதையே சொல்லித் திரிந்தான். சில நாளில் அவள் காலில் புதுத் தடங்கள். தட்டணுவுக்கு ஆயுசே பத்து நாள்தானாம். அவனும் மாப்பிள்ளையும் மாறி மாறிக் கொடுத்தார்கள். ஓட்டைக் குடத்தில் ஊற்றிய தண்ணீர்.

மழை பிடித்துக்கொண்ட வாரம் அவளுக்குக் காய்ச்சல் கண்டது. எதிர்த்து நிற்க வெள்ளையணுவே இல்லை என்றார்கள். அலறியடித்துக்கொண்டு ஓடிவந்தவன் வாசலிலேயே தும்மினான். நர்ஸ் வழிமறித்தாள்.

"சளியோட உள்ள போகக் கூடாதுண்ணே. தட்டணுவும் எடுக்க முடியாது."

"நான் அவ அண்ணன்மா!"

"யாரா இருந்தாலும்தான். உங்க சளியே அவங்களுக்கு எமனாயிடும்."

மூக்கைச் சட்டையில் துடைத்துக்கொண்டு கண்ணாடிக்கு வெளியே நின்றான். உள்ளே மாப்பிள்ளை முகமூடி போட்டபடி அவள் பாதத்தைப் பிடித்துக்கொண்டிருந்தான். அவள் அண்ணனைப் பார்த்து, போய்ச் சாப்பிடு என்று சைகை காட்டினாள். அவன் நகரவில்லை.

சளி குறைவதற்குள் அவள் போய்விட்டாள்.